வீதியில் இறங்குமுன் இடப்புறம் பாருங்கள்

இலங்கையில் வாகனங்கள் வீதியின் இடப்புறமாகச் செல்கின்றன. ஆதலால் வீதியைக் கடக்குமுன் முதலில் வலப்புறம் பார்ப்பது பள்ளிப் பருவத்திலிருந்தே எமக்குப் பழக்கமாகிவிட்டது. பிரான்சில் வாகனங்கள் வலப்புறமாகச் செல்கின்றன. எம்மை முதலில் நெருங்கும் கார் இடப்புறமிருந்தே வரும். வலப்புறம் பார்த்துவிட்டு, வீதி வெறுமையாக உள்ளதென எண்ணி இறங்குபவர், தமக்கு மிக அருகில் வரும் ஆபத்தைக் காணாமலே இறங்குகிறார்.

புதிதாக வந்தவர் அச்சத்தினால் இருபுறமும் பார்ப்பார். உணவகத்தில் நள்ளிரவுவரை வேலைசெய்து, மெற்றோவைப் பிடிக்க ஓடும் வேளையிலேதான் பழைய பழக்கம் தலைதூக்குகிறது. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரும், லண்டனிலிருந்து லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வரும் உறவினரும் இவ்வகையில் ஒன்றே. லண்டனிலும் வாகனங்கள் இடப்புறமாகவே ஓடுகின்றன. அங்கே வெளிநாட்டவருக்காக, எப்பக்கம் பார்க்கவேண்டும் என்று பல கடவைகளின் நிலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

பாரிஸின் அகன்ற வீதிகள் பலவற்றில் நடுவே ஒரு திட்டு உண்டு. அதுவரை இடப்புறமிருந்து வந்த வாகனங்கள், அதைத் தாண்டியதும் வலப்புறமிருந்து வரும். இரு பகுதிகளுக்கும் தனித்தனிச் சமிக்ஞை விளக்குகளும் இருக்கலாம். ‘இரண்டு கட்டமாகக் கடவுங்கள்’ என்று பிரெஞ்சில் எழுதிய பலகை அத்தகைய இடங்களில் காணப்படும். ஒருவழி வீதியென்று நம்பி ஒருபுறம் மட்டும் பார்ப்பதும் தவறு. சைக்கிள்களும் சில இடங்களில் பேரூந்துகளும் எதிர்த்திசையில் வர அனுமதி பெற்றவை. போர்த் து லா சப்பலில் 2012 முதல் ஓடும் ட்ராம், பாதசாரிக்காக வழிவிடக் கடமைப்பட்டதன்று.

ஊரில் மஞ்சள் கோடு என்று நாம் அழைத்த கடவை இங்கே வெள்ளைக் கோடு. அதில் இறங்கும் பாதசாரிக்குச் சாரதி வழிவிட வேண்டும். தவறினால் 135 யூரோ தண்டமும், 2018 முதல் சாரதிப் பத்திரத்தில் ஆறு புள்ளிகள் இழப்பும் உண்டு. 50 மீற்றருக்குள் கடவை இருக்க வேறிடத்தில் கடக்கும் பாதசாரிக்கோ தண்டம் 4 யூரோ மாத்திரமே. தொகை சிறிதென்று நகைக்கலாம். உடைந்த எலும்புக்கு அத்தகைய சலுகை கிடையாது. பச்சை மனிதன் ஒளிரும்போதும், பக்கத்து வீதியிலிருந்து திரும்பும் வாகனத்துக்கும் பச்சை விளக்கே எரிந்துகொண்டிருக்கும் என்பதை நினைவிற் கொள்க.

விபத்து நேர்ந்துவிட்டால், அகதி விண்ணப்பம் முடிவாகாத எம்மவர் பலர் செய்வது ஒன்றே: எழுந்து, ஆடையைத் தட்டிவிட்டு, ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அகன்றுவிடுவது. பொலிஸ் வந்தால் பத்திரம் கேட்பார்களே என்ற அச்சம் எமக்குப் புரியாததன்று. ஆயினும் 1985 ஜூலை 5ஆம் திகதிய சட்டம், மோட்டார் வாகனம் மோதிக் காயமுற்ற பாதசாரிக்கு இழப்பீட்டு உரிமை அளிக்கிறது. அவருடைய மன்னிக்க இயலாத பெருந்தவறே விபத்துக்கு ஒரே காரணமானால் மட்டும் அவ்வுரிமை மறுக்கப்படும். 16 வயதுக்குக் குறைந்தோர்க்கும் 70 வயதைக் கடந்தோர்க்கும் பாதுகாப்பு இன்னும் கூடுதலானது. இச்சட்டம் குடியுரிமை பற்றி எதுவும் கேட்கவில்லை.

எனவே அகன்றுவிடாதீர்கள். வாகன இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்டவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேளுங்கள். வலி மறுநாள்தான் தெரியும் என்பதால் அன்றே மருத்துவரிடம் சென்று காயச் சான்றிதழ் பெறுங்கள். அவசர மருத்துவ உதவிக்கு 15 அல்லது 112. மொழி தெரியாதவர் ‘அக்சிதோன்’ என்ற சொல்லையும் வீதியின் பெயரையும் சொன்னால் அழைப்பை ஏற்பவர் விளங்கிக்கொள்வார். அப்பெயர் மூலைச் சுவரிலுள்ள நீலப் பலகையில் இருக்கும். அதன் மேலுள்ள சிறிய இலக்கம் பாரிஸின் எத்தனையாவது வட்டாரம் என்பதைக் குறிக்கும்.