கடலுக்குக் காது வைக்கும் விமானம்

அரக்கோணம் பக்கம் இருக்கும் தம்பி தங்கைகள், தலைக்கு மேலே சாம்பல் நிற ஜெட் ஒன்று போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் ஏற்றிப் போகும் போயிங் 737 மாதிரியேதான் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் அந்த ஜன்னல் வரிசையைக் காணோம்! வாலில் குளவிக்குக் கொடுக்கு போல ஒரு கம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பி-8ஐ. அரக்கோணத்தில் உள்ள இந்தியக் கடற்படையின் ராஜாளி தளத்துக்கு முதல் விமானம் 2013 மே மாதம் வந்து சேர்ந்தது.

பயணிகள் விமானத்துக்குக் கடற்படையில் என்ன வேலை? கடலைக் காவல் காப்பது மணிக்கணக்கில் பொறுமையாகச் செய்ய வேண்டிய காரியம். திரைகளுக்கு முன்னால் ஆட்கள் உட்கார இடம் வேண்டும், நிறைய எரிபொருள் வேண்டும். இதெல்லாம் 737-க்குக் கைவந்த கலை. உலகமெங்கும் பறப்பதால் உதிரி பாகத்துக்கும் அலைய வேண்டாம். ஆகவே அதே வடிவத்தை எடுத்து, உடம்பை வலுவாக்கி, பெரிய மின்னாக்கிகளைப் பொருத்தி, வயிற்றில் ஆயுத அறை வைத்துக் கட்டினார்கள்.

இந்தக் காவலில் முக்கியமான வேலை, கடலுக்குள் மறைந்து வரும் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ரேடார் அலை தண்ணீருக்குள் போகாது. ஒலி போகும். கிணற்றில் முங்கியிருக்கும்போது யாராவது இரண்டு கல்லைத் தட்டினால், காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும் அல்லவா? கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது. காற்றில் 340 மீட்டர்தான்.

அதனால் விமானம் கடலில் காதுகளைப் போடுகிறது. பெயர் சோனோபாய். சுமார் 90 சென்டிமீட்டர் நீளக் குழாய், பாராசூட்டில் இறங்கும். உப்புத் தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் பேட்டரி உயிர்பெறும். மிதவை மேலே நிற்க, ஒலிவாங்கி கம்பியில் தொங்கியபடி ஆழத்துக்குப் போகும். அங்கே கேட்டதை மேலே உள்ள ஆன்டெனா விமானத்துக்கு அனுப்பும். வேலை முடிந்ததும் தானே மூழ்கிவிடும். எனக்கு விமானத்தைவிட இந்தக் குழாய்தான் பெரிய அதிசயம்!

அந்தக் கொடுக்கு எதற்கு? திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புச் சுத்தியலைக் கொண்டுபோங்கள், முள் அசையும். நீர்மூழ்கியின் இரும்பும் அப்படித்தான் பூமியின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும். அதை உணரும் கருவி, விமானத்தின் சொந்த உலோகம் தொந்தரவு செய்யாமல் இருக்க வால்நுனியில் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ விமானத்தில் இந்தக் கொடுக்கு கிடையாது. இந்தியா கேட்டு வாங்கியது.