உங்களுக்குத் தெரியுமா?

அதிரும் இயந்திரம் பிடித்து உழைத்த கை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதை ஒரு ஜாடி மூடியே காட்டிக்கொடுத்துவிடும்!

● கை, தோள் முடக்கத்தை அளக்க 1996-இல் உருவான ‘டேஷ்’ (DASH) வினாத்தாளின் முதல் கேள்வியே, இறுகிய ஜாடியைத் திறக்க முடிகிறதா என்பதுதான்.

● மொத்தம் 30 கேள்விகள். சாவி திருப்புவது, எழுதுவது, சமைப்பது எனக் கடந்த ஒரு வாரத்தை மட்டுமே விசாரிக்கும். மதிப்பெண் 0 என்றால் சிரமமே இல்லை. 100 என்றால் மிகக் கடுமையான முடக்கம்.

● அதிர்வின் பாதிப்பால் குளிரில் விரல் வெளுப்பதற்கும், மரத்துப்போவதற்கும் தனித்தனிப் படிநிலைகள் உண்டு. 1986-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய வல்லுநர்கள் வகுத்தவை அவை.

● கல் துளைப்பவரா? கிரைண்டர் பிடிப்பவரா? சட்டைப் பொத்தான் போட விரல் திணறினால், வெறும் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள்.