மரணப்படுக்கையருகே பேசும் துணிவு

நோயுற்றோரைச் சந்தித்தல் ஆயர் பணியின் இன்றியமையாத பகுதி என்பதை நம்மில் எவரும் மறுப்பதில்லை. ஆயினும், இனிப் பிழைப்பதற்கில்லை என்று மருத்துவர் கூறிவிட்ட ஒருவரின் கட்டிலருகே அமர்ந்து, அவருடைய மரணத்தைப்பற்றி அவரோடு பேச நம்மில் பலருக்குத் துணிவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்துணிவு எங்கிருந்து வருகிறது, பயிற்சியால் அதை வளர்க்கக் கூடுமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு நிலையை எண்ணிப் பார்ப்போம். சேந்தமங்கலத்தில் லாரி ஓட்டிப் பிழைத்த ஒருவர், புற்றுநோய் முற்றிய நிலையில் மருத்துவமனையிலிருந்து வீட்டிற்கு அனுப்பப்படுகிறார். “அவரிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள், ஐயா, மனம் உடைந்துபோவார்” என்று மனைவி வாசலிலேயே ஆயரிடம் மன்றாடுகிறார். உள்ளே சென்றதும் நோயாளி, “ஐயா, நான் பிழைப்பேனா?” என்று கேட்கிறார். ஆயர் திடுக்கிட்டு, “ஆண்டவர் பெரியவர், விசுவாசமாயிருங்கள்” என்று கூறி, உடனே கண்களை மூடி ஜெபிக்கத் தொடங்குகிறார். ஜெபம் நல்லதே. ஆனால் இங்கே அது பேச்சின் கதவை அடைக்கும் தாழ்ப்பாளாயிற்று. தம்பியோடுள்ள பகை, மணமாகாத மகள், தீராத கடன் ஆகியவற்றை அம்மனிதர் இனி யாரிடம் சொல்வார்? உண்மை மனைவிக்கும் தெரியும், அவருக்கும் ஏறத்தாழத் தெரியும். ஒருவருக்காக ஒருவர் மறைத்து, ஒரே வீட்டில் இருவரும் தனிமையில் துன்புறுகின்றனர்.

கொல்லிமலை தரும் பாடம்

சேந்தமங்கலத்திற்குக் கிழக்கே எழும் கொல்லிமலையிலேயே இதற்கொரு மாற்றுச் சான்று உண்டு. 1913-இல் மணம்புரிந்து அம்மலையில் குடியேறிய ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியர், நெடுநாள் உழைத்தும் மக்களின் நம்பிக்கையைப் பெறவில்லை. அவர்களை எதிர்த்தவர்களில் உள்ளூர்ப் பூசாரி ஒருவரும் இருந்தார். அவர் காய்ச்சலுற்றபோது, அண்டை அயலார் அச்சத்தால் விலகி நிற்க, பிராண்ட் தம்பதியரே சென்று பணிவிடை செய்தனர். சாகுந்தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்புவித்தார் என்று அக்குடும்பத்தின் வரலாறு கூறுகிறது. 1929-இல் ஜெஸ்ஸி பிராண்டும் அதே மலையில் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். எவலின் அம்மையார் 1974-இல் மறையும்வரை மலைமக்களிடையே பணியாற்றினார்.

இந்நிகழ்ச்சியை மிஷனெரிமாரின் வெற்றிக் கதையாகவே நாம் சொல்லி வந்துள்ளோம். அந்தப் பூசாரியின் பக்கத்திலிருந்து அதை நோக்குவது நலம். தமக்குப்பின் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதே அவருடைய கேள்வி. அதைக் கேட்கும் செவி, அஞ்சாமல் உள்ளே வந்தவர்களிடம் இருந்தது. மரணப்படுக்கையை ஆத்தும அறுவடைக்கான வாய்ப்பாகக் கருதி, தளர்ந்த ஒருவரை வற்புறுத்துவது இதற்கு நேர்மாறானது.

பயிற்சி வளர்ந்த விதம்

மரணத்தைப்பற்றிப் பேசக் கற்பதில் இறையியல் மாணவர்களுக்குத் தனிப் பங்குண்டு. 1925-இல் அன்டன் பாய்சன் என்ற குருவானவர், அமெரிக்காவில் ஒரு மனநோய் மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துச் சென்று, நோயாளிகளிடமே பாடம் கற்கச் செய்தார். 1965-இல் சிகாகோ இறையியல் கல்லூரி மாணவர் நால்வர் டாக்டர் எலிசபெத் கூப்ளர்-ராஸை அணுகி, மரணம் குறித்த ஆய்வில் உதவும்படி கேட்டனர். அவ்வேண்டுகோளிலிருந்து வளர்ந்த உரையாடல்களே 1969-இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலுக்கு அடிப்படையாயின. அந்நூல் கூறும் ஐந்து நிலைகளை எல்லா நோயாளிகள்மேலும் அளவுகோலாக வைப்பது தவறு. ஆனால் சாகிறவர் நமக்கு ஆசிரியராகக் கூடும் என்ற அதன் அடிப்படை இன்றும் நிலைக்கிறது.

மருத்துவத் துறையும் இதை உணர்ந்துள்ளது. துயரச் செய்தியை அறிவிப்பதற்கு ராபர்ட் பக்மனும் அவருடைய உடனுழைப்பாளரும் 2000-இல் ஆறு படிகளை வகுத்தனர். இந்திய மருத்துவப் பட்டப்படிப்பில் 2019 முதல் நடத்தை, அறநெறி, உரையாடல் ஆகியவை பாடமாகியுள்ளன. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், சாதாரண அண்டை வீட்டாரையும் பயிற்சி பெற்ற தொண்டர்களாக்கியது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் வலிதணிப்புப் பணியை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. ஆயர் செல்லும் வீட்டிற்குச் செவிலியரும் செல்லும் காலம் இது.

ஆயர் செய்யத்தக்கவை

1. பேசுவதற்குமுன் கேட்க வேண்டும். “நான் பிழைப்பேனா?” என்பவரிடம், “உங்களுக்கு என்ன தோன்றுகிறது? டாக்டர் என்ன சொன்னார்?” என்று வினவலாம். நோயின் விவரங்களைக் கூறுவது மருத்துவரின் கடமை. நோயாளி கூற விரும்புவதைக் கேட்பது நம் கடமை.

2. குடும்பத்தாரின் அச்சத்தை இகழலாகாது. அது அன்பிலிருந்து பிறப்பது. “நானாக எதையும் சொல்லமாட்டேன், ஆனால் அவரே கேட்டால் பொய் சொல்லமாட்டேன்” என்று அவர்களிடம் முன்னரே தெளிவாகக் கூறலாம்.

3. மௌனத்திற்கு இடந்தர வேண்டும். கண்ணீர் வந்தால் உடனே வசனத்தால் அதைத் துடைக்க முற்படலாகாது. என்ன ஜெபிக்க வேண்டுமென்று நோயாளியையே கேட்டு, அதன்பின் ஜெபிக்கலாம்.

4. திரும்பி வந்ததும், நடந்த உரையாடலை நினைவிலுள்ளவாறு எழுதி, ஊரும் பேரும் நீக்கி, அனுபவமுள்ள ஒருவரோடு ஆராய வேண்டும். “இந்த இடத்தில் நான் ஏன் பேச்சை மாற்றினேன்?” என்று கேட்டால், பெரும்பாலும் நம் சொந்த மரண பயமே பதிலாக வரும்.

இந்நான்காவது படியே துணிவின் ஊற்று. சரியான விடைகளை மனப்பாடம் செய்தவருக்குத் துணிவு வருவதில்லை. விடையில்லாமலும் அங்கே இருக்கலாம் என்று பலமுறை கண்டறிந்தவருக்கே வருகிறது. ஆகவே நம் கல்லூரிகளில் பிரசங்கப் பயிற்சிக்குத் தரும் நேரத்தில் ஒரு பகுதியையாவது இதற்கு ஒதுக்குவோம். மாணவர் ஒருவர் நோயாளியாகவும் மற்றொருவர் ஆயராகவும் நடித்துப் பழகட்டும். பின்னர் மூத்த ஆயரோடு வீடுகளுக்குச் செல்லட்டும்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்தனர். அவர்கள் தவறியது வாய்திறந்து விளக்கம் கூறத் தொடங்கிய பின்னரே. நாமோ பலவேளைகளில் அந்த ஏழு நாளைத் தவிர்த்துவிட்டு, விளக்கத்திலிருந்தே தொடங்குகிறோம். சேந்தமங்கலத்து லாரி ஓட்டுநரின் வீட்டிற்கு அந்த ஆயர் நாளை மீண்டும் செல்லலாம். “நேற்று நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, இன்று கேட்க வந்திருக்கிறேன்” என்று சொல்லி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தால், அப்பணி அங்கே தொடங்கிவிடும்.