கரும்புகை கக்கும் லொறிகள்

அட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையிலே, பாரம் ஏற்றிய பழைய லொறியொன்றின் பின்னால் அகப்பட்டுக்கொண்டவர்கள் அதன் புகையை எளிதில் மறக்கமாட்டார்கள். வண்டி உறுமும், உடல் முழுவதும் அதிரும், வளைவுதோறும் கன்னங்கரேலெனப் புகையைக் கக்கும். மலைநாட்டில் இது வழமைதானே என்று நாமும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறோம். பாதையோரத்து லயங்களில் வாழ்வோர் அப்படிச் செய்ய இயலாது. டீசல் புகை புற்றுநோயை விளைவிக்க வல்லதென 2012இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஐயத்துக்கு இடமின்றி அறிவித்துவிட்டது.

புகை ஏன் கறுக்கிறது? விறகைத் திணித்துக் காற்றுக்கு வழிவிடாத அடுப்பு ஏன் புகைகிறதோ, அதே காரணந்தான். 1897இல் ஜெர்மனியில் ருடோல்ப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்றை மிக இறுக்கி அழுத்தினால் அது கொதிப்பேறும். அந்த வெப்பத்திலே பீச்சப்படும் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். எண்ணெய்க்கு ஈடான காற்று இல்லையெனின் எரியாத கரி வெளியேறும்.

நுவரெலியா 6,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. கொழும்பில் ஓர் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இங்கே குறைந்துவிடுகிறது. ஆகவே அங்கே அளவாயிருந்த டீசல் இங்கே மிகையாகிறது. டர்போ பூட்டிய எஞ்சின்கள் இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கின்றன. பழைய லொறிகள் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை. மலைமேல் பழிபோடும் சாரதிகளின் கூற்றில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆயினும் ஒரே வகையான இரண்டு லொறிகள் ஒரே பாரத்தோடு ஏறுகையில் ஒன்று மட்டும் புகைக்குமாயின் குற்றம் மலையினுடையதன்று.

முதலில் பார்க்க வேண்டியது எயார் கிளீனர். தோட்டத்து மண்பாதைத் தூசியில் அது விரைவில் அடைத்துக்கொள்ளும். செலவு குறைந்த இந்தச் சோதனையை விட்டுவிட்டுப் பம்பைக் கழற்றுவோரும் உளர்! அடுத்தது சாரதியின் கை. ஏற்றத்தில் கியரைக் குறைக்காது, மூச்சுத் திணறும் எஞ்சினை மிதித்தே ஏற்ற முயன்றால் நல்ல வண்டியும் நடுங்கும், புகைக்கும்.

இன்னொரு வழக்கம் கராஜ்களிலே உண்டு. "மேட்டுல இழுக்க மாட்டேங்குது பாஸ், கொஞ்சம் கூட்டி விடுங்க" என்பார் சாரதி. முத்திரையிட்ட திருகாணியைத் திருப்பி டீசலைக் கூட்டிவிடுவார் பாஸ். முதல் வாரம் இழுவை கூடினாற்போல் தோன்றும். காற்று கூடாததால் மிகுதி டீசல் புகையாகிறது, எரியாதது எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது, பிஸ்டனுக்கும் கேடு. இது வைத்தியமன்று, ஏமாற்று. 2022இல் டீசலுக்காக வரிசையில் காத்துக்கிடந்த நாட்டில் இதைவிட வீண்செலவு வேறில்லை.

இனி அதிர்வு. வண்டியை நிறுத்தி, கியரை விடுவித்து, எஞ்சினை அதே வேகத்தில் ஓடவிட வேண்டும். அதிர்வு மறைந்தால் கோளாறு பெரும்பாலும் எஞ்சினில் இல்லை; பின்சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டிலோ அதன் மூட்டுகளிலோ சில்லுகளிலோ தேடலாம். மறையாவிடின் எஞ்சினைத் தாங்கும் றப்பர் மவுண்டிங்குகளை நோக்குக. அவையும் நன்றாயிருந்து, நடுக்கமும் கரும்புகையும் சேர்ந்தே வருமாயின், சிலிண்டர்களில் ஒன்று ஒழுங்காக வேலை செய்யவில்லை எனச் சந்தேகிக்கலாம். இன்ஜெக்டரின் நொசில் தேய்ந்து, தூவ வேண்டிய டீசலைச் சொட்டவிடும்போது இவ்விரண்டும் ஒன்றாகத் தோன்றும்.

அந்தச் சிலிண்டரைக் கண்டுபிடிக்கப் பழைய பாஸ்மார் கையாளும் முறை அழகானது. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் ஒவ்வோர் இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் முறையே சற்றுத் தளர்த்துவர். நல்ல சிலிண்டரானால் உடனே ஓசை மாறி எஞ்சின் தடுமாறும். எதைத் தளர்த்தியும் மாற்றமில்லையோ அதுவே நோயாளி. ஆனால் காமன் ரெயில் எனப்படும் புதிய வகை எஞ்சினில் இதை ஒருபோதும் செய்யலாகாது. அக்குழாய்களில் அழுத்தம் 1,000 வளிமண்டலத்தையும் தாண்டும். கசியும் மெல்லிய தாரை தோலைத் துளைத்து உட்புகும். அதற்குக் கணினிச் சோதனையே வழி.

நுவரெலியாவின் குளிர்காலையில் எழும் வெண்புகை வேறு. எஞ்சின் சூடேறியதும் அது மறைந்தால் கவலை வேண்டாம். மறையாது, ரேடியேற்றர் தண்ணீரும் நாளுக்குநாள் குறையுமாயின், பார்த்துத் திருத்தும்வரை அந்த லொறியைப் பாரத்தோடு மலையேற்றாதிருப்பது நல்லது.