9 வோல்ட் பெருக்கிக்கு 12 வோல்ட் பாட்டரி

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் செருப்பின் மேற்பகுதிக்கான தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். கோணல்மாணலான தோலின் பரப்பை எப்படி அளப்பது? மின்னணு அளவை இயந்திரத்தில் ஒரு புறம் விளக்கொளி, மறுபுறம் வரிசையாக ஒளி உணரிகள். தோல் நகரும்போது எத்தனை உணரிகள்மேல் நிழல் விழுகிறது என்று இயந்திரம் எண்ணிக் கூட்டும். உணரி தரும் மெலிந்த சைகையைப் பெரிதாக்குவது டிரான்சிஸ்டர்.

ஒலிவாங்கிக்கு ஒரே டிரான்சிஸ்டரால் ஆன பெருக்கி ஒன்றை நீங்களும் கட்டலாம். 9 வோல்ட் பாட்டரிக்கு இப்படி அமைப்போம்: பாட்டரியின் நேர்முனைக்கும் அடிவாய்க்கும் இடையே 47 கிலோ ஓம், அடிவாய்க்கும் தரைக்கும் இடையே 10 கிலோ ஓம், ஏற்பானில் 4.7 கிலோ ஓம், உமிழ்ப்பானில் 1 கிலோ ஓம். உமிழ்ப்பான் தடைக்கு இணையாக ஒரு மின்தேக்கி.

அடிவாயில் 1.6 வோல்ட் இருக்கும். அதில் 0.7 கழிந்து உமிழ்ப்பானில் 0.9 வோல்ட், எனவே மின்னோட்டம் 0.9 மில்லி ஆம்பியர். ஏற்பான் 4.8 வோல்ட்டில் நிற்கும். அங்கிருந்து சைகை மேலே 4.2, கீழே 3.9 வோல்ட் ஆடலாம். அதைத் தாண்டினால் அலையின் தலையோ காலோ வெட்டுப்படும், ஒலி கரகரக்கும்.

சின்ன பாட்டரி சீக்கிரம் தீர்கிறதே என்று மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் பாட்டரியை அப்படியே மாட்டினால்? அடிவாய் 2.1, உமிழ்ப்பான் 1.4, மின்னோட்டம் 1.4 மில்லி ஆம்பியர், ஏற்பான் 5.4. கீழே ஆட இடம் 4 வோல்ட்தான்! பாட்டரி ஒன்றரை மடங்கு செலவாகிறது. கூடிய 3 வோல்ட்டால் கிடைத்ததோ 0.1 வோல்ட்.

ஆகவே பழைய மின்னோட்டத்தையே வைத்துக்கொள்வோம். அடிவாய் மறுபடி 1.6 வோல்ட்டில் நிற்க, 47க்குப் பதில் சுமார் 66 கிலோ ஓம் வேண்டும். கடையில் கிடைப்பது 68: நீலம், சாம்பல், ஆரஞ்சு. இப்போது மின்னோட்டம் 0.84. ஏற்பான் நடுவில் நிற்க அங்கே 6.8 கிலோ ஓம் போடுங்கள்: நீலம், சாம்பல், சிவப்பு. மேலே 5.7, கீழே 5.4 வோல்ட் ஆட இடம் வந்துவிட்டது.

உமிழ்ப்பானின் 1 கிலோ ஓமைத் தொடாதீர்கள். வெப்பம் 1 டிகிரி ஏறினால் அந்த 0.7 வோல்ட் ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் குறையும். வேலூர் வெயிலில் 20 டிகிரி கூடினால் 40 மில்லி வோல்ட். உமிழ்ப்பானில் 0.84 வோல்ட் இருப்பதால் மின்னோட்டம் நூற்றுக்கு ஐந்துதான் மாறும். அந்தத் தடை இல்லாவிட்டால் கோடையில் ஏற்பான் எங்கே நிற்கும் என்று சொல்லவே முடியாது.

மின்தேக்கிகளின் மேல் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். பாட்டரிக்கு நேர் குறுக்கே உள்ளது 10 வோல்ட்டுக்கானது என்றால் உடனே மாற்றிவிடுங்கள், அது வெடிக்கக்கூடும். சார்ஜ் ஏறும்போது 12 வோல்ட் பாட்டரி 14 வோல்ட்டுக்கு மேலும் போகும். 25 வோல்ட் தாங்குவதை வாங்குங்கள்.