கைவிட்டால் துப்பாக்கி எங்கே போகும்?

1997 பிப்ரவரி 28. லாஸ் ஏஞ்சலிஸின் வடக்கு ஹாலிவுட் பகுதியில் ஒரு வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு வெளியே வந்த இருவர், உடம்பெல்லாம் கவசம் மாட்டிக்கொண்டு, தானியங்கித் துப்பாக்கிகளால் போலீசாரை நோக்கிச் சரமாரியாகச் சுட்டார்கள். ரோந்துப் போலீசாரிடம் அப்போது இருந்தவை கைத்துப்பாக்கிகளும் ஷாட்கன்களும்தான். அவற்றின் குண்டுகள் கவசத்தில் பட்டு நின்றுவிட்டன. சண்டை முக்கால் மணி நேரம் நீண்டது. கொள்ளையர் இருவரும் இறந்தார்கள்; போலீசார், பொதுமக்கள் எனப் பலருக்குக் காயம். அமெரிக்க ரோந்து கார்களில் கார்பைன் என்னும் குட்டை ரைஃபிள் பரவலாக ஏறியதற்கு அந்தக் காலைப்பொழுது ஒரு முக்கியக் காரணம்.

கூடவே ஒரு புதுத் தொல்லையும் ஏறிக்கொண்டது. கைத்துப்பாக்கியை உறையில் செருகிவிடலாம். கார்பைனை எங்கே வைப்பது? எதிரே இருப்பவன் கையைத் தூக்கிக்கொண்டு சரணடைகிறான். விலங்கு மாட்ட இரண்டு கையும் வேண்டும். துப்பாக்கியைத் தரையில் போட முடியாது. கார் பானெட்டில் வைத்துவிட்டுப் போகவும் முடியாது. தோளில் ஒரு வார் வேண்டும். ஸ்லிங் என்று அவர்கள் சொல்லும் இந்த நாடா, கடைகளில் டஜன் கணக்கான வகைகளில் தொங்குகிறது. எது நல்லது என்பதில் பயிற்சியாளர்களே ஒத்துப்போவதில்லை.

எல்லாத் தகராறும் நீளத்தில்தான். சுமக்கும்போது வார் இறுக்கமாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் ஓடும்போது துப்பாக்கி முட்டியில் இடிக்கும், குழல் முனை கண்ட பக்கம் திரும்பும். சுடும்போதோ வார் தளர வேண்டும். இல்லையென்றால் துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளுக்குக் கொண்டுபோக முடியாது, சுவர் ஓரத்தில் நின்று வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மாற்றவும் முடியாது. ஒரே நீளம் இரண்டுக்கும் சரிவராது.

1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படையினர் இதை ஒற்றைக் கொக்கியால் சமாளித்தார்கள். தோளுக்குக் குறுக்கே அகலமான தோல் பட்டை. அதில் ஓடும் ஓர் இரும்புக் கொக்கி. கார்பைனின் இடப்பக்கத்தில் அதற்கென ஒரு வளையம். சேணத்தில் உட்கார்ந்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. இறங்கி ஓடினால் துப்பாக்கி காலைச் சுற்றி ஆடும். இன்று ‘ஒற்றைப் புள்ளி ஸ்லிங்’ என்று விற்கப்படுவதும் அடிப்படையில் இதுதான்; ஆட்டமும் அதே ஆட்டம்தான்.

காலாட்படையின் பாதை வேறு. எம்1907 என்ற தோல் வார், ரைஃபிளின் முன்னும் பின்னும் மாட்டப்பட்டது. இரண்டு தோல் துண்டுகள், வரிசையாக ஜோடித் துளைகள், துளையில் நுழையும் உலோகக் கொக்கிகள். இதன் பெருமை சுமப்பதில் இல்லை, குறிபார்ப்பதில். வாரை ஒரு கண்ணியாக்கி மேல்கையில் இறுக்கிக்கொண்டால் ரைஃபிள் அசையாது. ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெரியில் தேசியத் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் தொடங்கியதும் அதே 1907-ல்தான். அந்தக் கண்ணி முறையை அங்கே இன்றும் பார்க்கலாம். ஆனால் நீளத்தை மாற்ற வேண்டுமென்றால் கொக்கியைக் கழற்றி வேறு துளையில் மாட்ட வேண்டும். குண்டு பறக்கும் இடத்தில் யார் அதைச் செய்துகொண்டிருப்பார்கள்?

இரண்டாம் உலகப்போரில் வந்த எம்1 கார்பைனில் ஓர் அழகான வேலைப்பாடு உண்டு. பின்கட்டையின் பக்கவாட்டில் ஒரு பிளவு. அதற்குள் எண்ணெய் நிரப்பிய சிறு உலோகக் குழாய். துணி வார் அந்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு போகும். எண்ணெய்க் குப்பியும் அதுதான், வாரைப் பிடித்து நிறுத்தும் முளையும் அதுதான். வார் பக்கவாட்டில் இருப்பதால் துப்பாக்கி முதுகில் தட்டையாகப் படியும். 60 லட்சத்துக்கும் மேல் தயாரான இந்தக் கார்பைன், பீரங்கி இயக்குபவர்கள், தகவல் தொடர்பாளர்கள், ஓட்டுநர்கள் போல வேறு வேலை செய்யும் கைகளுக்காகவே உருவானது. அவர்களுக்குத் துப்பாக்கி வழிவிட்டு ஒதுங்கியிருப்பது முக்கியம்.

பிறகு மூன்று புள்ளி வார் ஒரு காலம் ஆண்டது. உடலைச் சுற்றி ஒரு வளையம், துப்பாக்கியின் நீளத்துக்கு இன்னொரு நாடா. எம்பி5 என்ற சப்மெஷின் துப்பாக்கி வைத்திருந்த அதிரடிப்படைகள் விரும்பிப் பயன்படுத்தின. எம்4 வகைத் துப்பாக்கியில் மாட்டியபோது, அந்த நீள நாடா இடப்பக்கத்துப் பொத்தான்களின் மேல் விழுந்து தொந்தரவு செய்தது. அவசரத்தில் எந்த நாடா எங்கே போகிறது என்று புரியாமல் தவித்தவர்களும் உண்டு.

கடைசியில் ஜெயித்தது பழைய இரண்டு புள்ளி வார்தான், ஒரே ஒரு மாற்றத்துடன்: நடுவில் ஓடும் ஓர் இழுவைப் பிடி. ஒரு பக்கம் இழுத்தால் இறுகும், மறுபக்கம் இழுத்தால் தளரும்; ஒரு கை, ஒரு விநாடி. அமெரிக்க ராணுவச் சிறப்புப் படையில் இருந்த லாரி விக்கர்ஸ் பெயரில் ஜார்ஜியா மாநிலத்து புளூ ஃபோர்ஸ் கியர் நிறுவனம் வெளியிட்ட வாரும், அதே பின்னணி கொண்ட கைல் லாம்பின் வைக்கிங் டேக்டிக்ஸ் வாரும் இந்த முறையைப் பரப்பின. மேக்புல் நிறுவனத்தின் எம்எஸ்1 வாரில் தொங்கும் வால் கிடையாது. பிடியையே முன்னும் பின்னும் நகர்த்தலாம். தொங்கும் வால் இறுக்குவதற்குச் சுலபம்தான், ஆனால் கார்க் கதவிலும் சீட் பெல்ட்டிலும் போய் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பிடியை. கையுறை போட்ட கையால், பார்க்காமலே தேடிப் பிடிக்க முடிகிறதா? இழுத்த இடத்தில் நிற்கிறதா, நடக்க நடக்க நழுவுகிறதா? மெத்தை வைத்த வார் கடையில் சுகமாகத் தோன்றும். எம்4, நிரப்பிய மேகசினுடன் சுமார் 3.4 கிலோ. நாள் முழுக்க வாசலில் நிற்கும் காவலருக்கு மெத்தை உதவும். காரிலிருந்து இறங்கி அரை மணி நேரம் வேலை செய்பவருக்கு அது வியர்வையைக் குடிக்கும் சுமை. ஒன்றேகால் அங்குல நைலான் நாடா போதும். ரப்பர் போல நீளும் வார் மட்டும் வேண்டவே வேண்டாம்: ஓடினால் துப்பாக்கி பந்தாகக் குதிக்கும்.

அடுத்தது, எங்கே மாட்டுவது. முன் கொக்கியைக் குழல் முனைப் பக்கம் தள்ளினால் துப்பாக்கி அடங்கியிருக்கும், ஆனால் தோள் மாற்றுவது கடினம். பின்னுக்கு இழுத்தால் நேர்மாறு. குழலிலேயே மாட்டுவது இரண்டு வகையில் தப்பு. நைலான் 260 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும்; தொடர்ந்து சுட்ட குழல் அந்தச் சூட்டைத் தாண்டக்கூடியது. மேலும் வாரை இறுக்கிக் குறிபார்த்தால் குழல் மயிரிழை வளையும், குண்டு இடம் மாறும். குழலைத் தொடாத முன்பிடிகள் போட்டியாளர்களிடம் செல்வாக்குப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாரைத் துப்பாக்கியில் மாட்ட, பொத்தானை அழுத்தினால் கழலும் வளையங்கள் இப்போது எங்கும் உண்டு. துப்பாக்கியில் அதற்கென உள்ள குழியில் முழுசாக உட்காராத வளையம், மாட்டிய மாதிரியே தெரிந்து நடுவழியில் கழன்று விழும். மாட்டியதும் பலமாக ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். குழி, வளையத்தை முழுச்சுற்றுச் சுற்றவிடாததாக இருந்தால் நாடா முறுக்கிக்கொள்ளாது.

எளிதில் கழலும் வார் நல்லதா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. காஷ்மீரில் காவலர்களிடமிருந்து ரைஃபிளைப் பறித்துக்கொண்டு ஓடும் சம்பவங்கள் பெருகிய காலத்தில், ரைஃபிளை இடுப்போடு சங்கிலியால் பிணைத்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு. ஆயுதம் பறிபோகாது; ஆனால் பறிப்பவன் பிடித்து இழுத்தால் காவலரும் கூடவே போவார். தண்ணீரில் விழக்கூடிய வேலையில் இருப்பவருக்கோ, கழற்ற முடியாத வார் உயிருக்கே ஆபத்து.

வாங்கிய பிறகு குண்டில்லாத துப்பாக்கியோடு ஒரு மாலை செலவழிப்பது நல்லது. முழுக்க இறுக்கினால் நெஞ்சோடு ஒட்ட வேண்டும். முழுக்கத் தளர்த்தினால் இரு தோளுக்கும் தாராளமாகப் போக வேண்டும். இந்த இரண்டு எல்லையும் அமைந்ததும், மிச்சமிருக்கும் நாடாவை வெட்டி, நுனியை லைட்டரால் உருக்கிவிடலாம். கவசத்தையும் குளிர்காலக் கோட்டையும் போட்டுப் பார்த்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.