ஸுலைகாவுக்கு முன் ஆஸ்நாத்: ஒரு காதல் கதையின் இரண்டு பெண்கள்

ஸுலைகா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று எங்கட உம்மாமாரிடம் கேட்டால், "குர்ஆன்ல இருக்கிற பேர்தானே" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் குர்ஆனில் அந்தப் பெயர் இல்லை. 111 வசனங்கள் கொண்ட சூறா யூசுபில் அவள் 'அஸீஸின் மனைவி' மாத்திரமே. அல்குர்ஆன் முழுவதிலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் பெண் மர்யம் (அலை) ஒருவர்தான். பைபிளின் ஆதியாகமமும் இவளைப் போத்திபாரின் மனைவி என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. அப்படியென்றால், கனவில் கண்ட வாலிபனுக்காக ஏங்கி, எகிப்துக்கு வந்து, கிழவியாகி, பின் இளமை திரும்பப் பெற்று அவரையே மணந்த ஸுலைகா யார்?

இதற்கு விடை தேட முதலில் வேறொரு பெண்ணிடம் போகவேண்டியிருக்கிறது. யூசுப் (அலை) அவர்கள் விற்கப்பட்ட காலத்தில் அவருக்கு 17 வயது என்றும், பிர்அவ்னின் முன் நின்றபோது 30 வயது என்றும் ஆதியாகமம் கூறுகிறது. அதன் பின் ஓன் நகரத்துப் பூசாரி போத்திபிராவின் மகள் ஆஸ்நாத் அவருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டாள். மனாசே, எப்பிராயீம் என்ற இரு புதல்வர்கள் பிறந்தார்கள். அவ்வளவுதான். சிலை வணங்கும் பூசாரியின் மகளை இறைதூதர் ஒருவர் எப்படி மணந்தார் என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. அந்த இடைவெளியில் பிறந்ததுதான் 'யோசேப்பும் ஆஸ்நாத்தும்' என்ற பழைய கிரேக்கக் கதை. எழுதியவர் பெயர் தெரியாது. எகிப்தில் வாழ்ந்த யூதர் ஒருவர் கி.மு. 1ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுதியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சுரியானி, ஆர்மீனியம், லத்தீன் என்று பல மொழிகளுக்கும் அது போனது.

கதையைப் பாருங்கள். ஆஸ்நாத்துக்கு 18 வயது. உயர்ந்த மாடமொன்றில் பத்து அறைகளில், தன்னோடு ஒரே இரவில் பிறந்த ஏழு கன்னிப் பெண்கள் பணிவிடை செய்ய வாழ்கிறாள். எந்த ஆணையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவு பெருமை. வாப்பா யூசுபைப் பற்றிப் பேச்செடுத்ததும் சீறுகிறாள்: கன்ஆன் தேசத்து இடையனின் மகனை, எசமானியோடு பழி சுமந்தவனை நான் கட்டுவதா? பிறகு ஜன்னல் வழியே அவரைக் காண்கிறாள். பேசிய பேச்செல்லாம் நெஞ்சைச் சுடுகிறது. வரவேற்க வந்தவளை அவர் முத்தமிட மறுத்துவிடுகிறார்; சிலைகளை வாழ்த்தும் வாயோடு தன் வாய் சேராது என்கிறார். ஆனாலும் அவள் முகம் வாடியதைப் பார்த்து இரங்கி, அவளுக்காகப் பிரார்த்திக்கிறார்.

இதற்குப் பிறகு வருவதுதான் கதையின் உயிர். ஆஸ்நாத் சிலைகளைத் தூக்கி வெளியே எறிகிறாள். சாம்பலில் புரண்டு ஏழு நாள் அழுகிறாள். வாப்பாவும் உம்மாவும் இனி என்னை வெறுப்பார்கள், எனக்கு யாருமில்லை என்று முதன்முறையாகத் தனியே நின்று இறைவனிடம் பேசுகிறாள். ஒரு பெண்பிள்ளை பருவமடைவது என்றால் எங்கட பக்கம் உடம்பைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடும். இந்தக் கதையில் அவள் பெரியவளாவது அந்த ஏழு நாளில்தான். எட்டாம் நாள் வானத்திலிருந்து ஒருவர் வந்து தேன்கூட்டின் துண்டொன்றை உண்ணக் கொடுக்கிறார். முகம் கழுவக் குனிந்தபோது, தண்ணீரில் தன் முகம் ஒளிர்வதைக் காண்கிறாள். அதன் பிறகே திருமணம். பிற்பகுதியில் பிர்அவ்னின் மகன் அவளைக் கடத்தச் சதி செய்வதும், அதற்குத் துணைபோன யூசுபின் சகோதரர்களை அவள் மன்னிப்பதும் வருகின்றன. அந்தப் பகுதி, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சண்டைப் படம் மாதிரித்தான்.

இனி முடிச்சுக்கு வருவோம். போத்திபார், போத்திபிரா என்ற இரு பெயர்களையும் பைபிளின் கிரேக்க மொழிபெயர்ப்பு ஒரே மாதிரியே எழுதியது. யூத ரப்பிகள் இருவரும் ஒரே ஆள்தான் என்றார்கள். அப்படியானால் ஆஸ்நாத் அந்த எசமானியின் வீட்டுப் பிள்ளை! யூசுபின் மூலம் தனக்குச் சந்ததி உண்டு என்று எசமானி நட்சத்திரங்களில் பார்த்தாள், அது தனக்கா தன் மகளுக்கா என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை என்றும் ஒரு ரப்பிக் கதை உண்டு. காதலித்தவளும் கல்யாணம் முடித்தவளும் ஒருவரையொருவர் நெருங்கி வருவது தெரிகிறதல்லவா?

எங்கட தப்ஸீர் மரபில் இருவரும் ஒருத்தியாகவே ஆகிவிட்டார்கள். இமாம் தபரி, இப்னு இஸ்ஹாக் வழியாக எடுத்துச் சொல்லும் அறிவிப்பில் அஸீஸின் மனைவிக்குப் பெயர் ராஈல். அஸீஸ் இறந்த பின் மன்னர் அவளை யூசுபுக்கு மணமுடித்து வைக்கிறார். அவள் அதுவரை கன்னியாகவே இருந்தாள். பிறந்த பிள்ளைகள் இப்ராயீமும் மன்ஷாவும். ஆஸ்நாத்தின் பிள்ளைகள் அப்படியே இங்கே ராஈலின் மடிக்கு வந்துவிட்டார்கள். இவை இஸ்ராயீலிய்யாத் வகையைச் சேர்ந்த செய்திகள்; அகீதாவை இவற்றின் மேல் கட்ட முடியாது. ஆனால் கவிஞர்களுக்கு இது போதுமாக இருந்தது.

ஹெராத் நகரின் மவ்லானா ஜாமி (1414–1492) எழுபதை நெருங்கும் வயதில், 1483இல், 'யூசுப் வ ஸுலைகா'வைப் பாடினார். அவர் கதையை யூசுபிடமிருந்து அல்ல, அந்தப் பெண்பிள்ளையிடமிருந்தே வளர்த்துச் செல்கிறார். மேற்கு தேசத்து அரசன் தைமூஸின் மகள், மூன்று தடவை கனவில் ஒரே முகத்தைக் காண்கிறாள். மூன்றாம் தடவை அவர் தன்னை எகிப்தின் அஸீஸ் என்கிறார். அதை நம்பி மணப்பெண்ணாகப் புறப்பட்டு வந்தவள், கூடாரத்தின் கிழிசல் வழியே மாப்பிள்ளையைப் பார்க்கிறாள். வேறு ஆள்! காவியத்தில் எனக்கு மிக நெருக்கமான இடம் இதுதான். ஏழு அறை மாளிகையை விட இது கனமானது. அவள் எதிர்பார்த்து வந்ததெல்லாம் ஒரு கிழிசலின் அளவில் உடைந்துபோகிறது.

ஏழாம் அறையில் அவள் தன் சிலையைத் துணியால் மூடுகிறாள். கல்லுக்கு நீ வெட்கப்படுகிறாய், எல்லாம் பார்ப்பவனுக்கு நான் வெட்கப்பட வேண்டாமா என்று கேட்டு யூசுப் ஓடுகிறார். பல்லாண்டு கழித்து, கண்ணும் இழந்த கிழவியாகப் பாதையோரக் குடிலில் இருக்கும்போதுதான் அந்தச் சிலையை அவள் உடைக்கிறாள். ஆஸ்நாத் 18 வயதில் செய்ததைச் செய்ய ஸுலைகாவுக்கு ஒரு ஆயுள் பிடித்தது. துஆவினால் இளமை திரும்பி, திருமணம் நடந்த பின், அவள் தொழுகையில் ஆழ்ந்து விலக, இம்முறை யூசுப் அவள் சட்டையைப் பின்னாலிருந்து கிழிக்கிறார்.

"நபி ஒருவரைப் பற்றி இப்படியெல்லாம் பாடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. காவியத்தை வஹியாக எண்ணிக்கொண்டு பயானில் சொல்வதுதான் பிழை. காவியம் என்று தெரிந்து வாசிப்பதில் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. தமிழில் சாரணபாஸ்கரன் 'யூசுப் ஜுலைகா'வைக் காப்பியமாகப் பாடியதும் அந்த வழியில்தான். குர்ஆன் அவளுக்குத் திருமணம் எதுவும் சொல்லவில்லை. அது சொல்வது, உண்மை வெளிப்பட்டுவிட்டது, நான்தான் அவரை வசப்படுத்த முயன்றேன் என்று மன்னர் முன்னிலையில் அவள் ஒப்புக்கொண்டதை. அதை அடுத்து வரும், மனித மனம் தீமையைத் தூண்டுவது என்ற கருத்துள்ள 53ஆம் வசனம் யூசுபின் பேச்சு என்கிறார் தபரி. இப்னு கஸீரோ அது அவளுடைய பேச்சே என்கிறார். இப்னு கஸீரின் வழியில் வாசித்தால், தன்னைத்தானே எடைபோட்டுப் பார்க்கும் ஒரு பெண் சூறாவுக்குள்ளேயே நிற்கிறாள்.

ஜாமி பாடி ஐந்து வருடங்களில், 1488இல், அதே ஹெராத்தின் ஓவியர் பிஹ்ஸாத் அந்த ஏழு அறைகளையும் வரைந்தார். படிகளும் பூட்டிய கதவுகளும். மேலே ஓடும் யூசுப். எட்டிப் பிடிக்கும் கை. அது ஸஅதியின் 'பூஸ்தான்' பிரதிக்காக வரையப்பட்டது. ஆனால் சுவர்களில் எழுதியிருப்பது ஜாமியின் வரிகள். அந்தப் பிரதி இப்போது இருப்பது கெய்ரோவில்.